தருமபுரி வெயிலில் ஆங்கிலேயப் பாணி மலர்த்தோட்டம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஆங்கிலேய வீட்டுத் தோட்டங்களின் படங்களைப் பார்த்துவிட்டு டெல்பினியம், ஃபாக்ஸ்குளோவ் விதைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவை குளிர்ந்த நாட்டுச் செடிகள். நம் சித்திரை வெயிலைத் தாங்கமாட்டா. ஓவியம் பயின்று தோட்டக்கலைக்கு வந்த கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) போன்றோர் வளர்த்தெடுத்த அந்தப் பாணியின் உயிர், உயரத்தையும் நிறத்தையும் அடுக்கும் முறையில்தான் இருக்கிறது. அந்த முறையை நம் ஊர்ச் செடிகளைக் கொண்டே செய்துவிடலாம்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் சுவரோரம் ஏற்றது. பாத்தி 4 அடி அகலம் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பின்வரிசைக் களையைக் கை எட்டி எடுக்க முடியாது. முன்விளிம்பு நேர்கோடாக இல்லாமல் வளைந்து செல்ல வேண்டும் என்பதால், தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டுப் பார்த்துக் கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மண். நம் செம்மண்ணில் மட்கு குறைவு. 1 அடி ஆழம் கொத்தி, 3 பங்கு மண்ணுக்கு 1 பங்கு நன்கு மட்கிய தொழு உரம் கலந்து, இரண்டு முறை நீர் விட்டு ஆறப்போடுங்கள். ரோஜாவுக்கு மட்டும் ஒன்றரை அடிக் குழி தனியாக வேண்டும்.

ஆவணிக் கடைசியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியின் இதமான குளிரில் தோட்டம் முழுவதும் பூத்திருக்கும். ஜின்னியா, செண்டுமல்லி ஆகியவற்றைத் தட்டில் முளைக்கவைத்து, மூன்று நான்கு வாரங்களில் எடுத்து நடலாம். காஸ்மாஸை நேரடியாகப் பாத்தியிலேயே தூவலாம்.

நடும்போதுதான் இந்தப் பாணியின் நுட்பம் வெளிப்படுகிறது. பின்னால் காஸ்மாஸும் செம்பருத்தியும், நடுவில் ரோஜா, ஜின்னியா, கோழிக்கொண்டை, நீலச் சால்வியா ஆகியவையும், முன்னால் நித்தியகல்யாணி, குட்டைச் செண்டுமல்லி, பத்துமணிப்பூ ஆகியவையும் நிற்கட்டும். ஒவ்வொரு வகையிலும் ஒற்றைச் செடியை நட்டால் நாற்றுப்பண்ணை போலத்தான் தெரியும். ஒரே வகையில் ஐந்தோ ஏழோ செடிகளை நீண்ட நாக்கு வடிவத்தில் சேர்த்து நட்டு, அதன் நுனி அடுத்த கூட்டத்துக்குள் நுழையுமாறு விடுங்கள். ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் அருகருகே வந்தால் கண்ணை உறுத்தும். இடையில் நீலச் சால்வியாவையோ வெள்ளை நித்தியகல்யாணியையோ வைத்தால் இரண்டும் இணங்கிவிடும். வாசலில் ஒரு கம்பி வளைவு அமைத்துச் சங்குப்பூவை ஏற்றினால் ஆங்கிலேயத் தோட்ட வளைவுகளில் படரும் ஏறுரோஜா இல்லாத குறை தெரியாது.

புல்தரை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோடையில் குடிக்கவே தண்ணீருக்குத் திண்டாடும் ஊரில் அது வீண். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் கழிவாகும் துண்டுக்கற்களை இடைவெளி விட்டுப் பதித்தால் நல்ல நடைபாதை கிடைக்கும்.

பராமரிப்பில் முதன்மையானது வாடிய பூக்களைக் கிள்ளுவது. விதை கட்டத் தொடங்கியதும் ஜின்னியா, காஸ்மாஸ் போன்ற செடிகள் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் வாரம் இருமுறை கிள்ளுங்கள். வேரடியில் கேழ்வரகுத் தாளையோ நிலக்கடலைத் தோலையோ இரண்டு அங்குலம் பரப்பினால் ஈரம் காயாது. மாவுப்பூச்சி கண்டால் 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

தை மாதத்துக்குப் பின் கிள்ளுவதை நிறுத்தி, நல்ல பூக்களைச் செடியிலேயே காயவிட்டு, விதைகளைக் காகித உறையில் போட்டு மாதத்தின் பெயரை எழுதி வையுங்கள். கோடை முழுவதும் நித்தியகல்யாணியும் பத்துமணிப்பூவும் பாத்தியைக் காத்துக்கொள்ளும்.