மேம்பட்ட அணு உலையை நம்பி மின்திட்டம் போடும்போது சறுக்கும் இடங்கள்

தரவு மையங்களும் மின்வாகனங்களும் மின்தேவையை ஏற்றிக்கொண்டே போக, புதுத் தலைமுறை உலைகளை வைத்துத் திட்டம் போடுவோர் பெருகிவிட்டார்கள். இத்துறையின் மூத்தவர்கள் எப்போதோ செய்த அதே பிழைகள் புதியவர்களின் அட்டவணைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டல் கணக்கில் வரும் பிழைகளை விட்டுவிடுவோம்.

எரிபொருளைக் கடைசியில் யோசிப்பது

இடம், குளிர்நீர், மின்தடம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். எரிபொருளுக்கு மட்டும் ஒரே சொல்: ‘வாங்கப்படும்’. யாரிடம்? இன்று ஓடும் மென்னீர் உலைகளுக்கு (சாதாரண நீரால் குளிர்பவை) 5 சதவீதத்துக்குள் செறிவூட்டிய, அதாவது பிளவுபடும் யுரேனியம்-235-இன் பங்கை அந்த அளவுக்கு உயர்த்திய யுரேனியம் போதும். அதற்குச் சந்தை உண்டு. மேம்பட்ட உலைகள் பலவும் 5 முதல் 20 சதவீதம் வரை செறிவூட்டிய யுரேனியமான ‘ஹேலியு’வை (HALEU) கேட்கின்றன. 2022-இல் அதை வணிக அளவில் விற்றது ரஷ்யா மட்டுமே. உக்ரைன் போரோடு அந்த வழி அடைபட்டது. அமெரிக்காவின் வயோமிங்கில் டெராபவர் நிறுவனம் திட்டமிட்ட நேட்ரியம் உலைக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு தாமதம் என்று அந்த டிசம்பரிலேயே அறிவிக்க வேண்டிவந்தது. தாமதத்துக்குக் காரணம் உலை வடிவமைப்பு அல்ல, எரிபொருள்தான். இவ்வளவு வெளிப்படையாக நடந்த பிறகும் அந்த ஒற்றைச் சொல் மாறாததுதான் எரிச்சலூட்டுகிறது.

செறிவூட்டலின் கழிவில் 0.25 சதவீத யுரேனியம்-235 தங்குவதாகக் கொண்டால், 19.75 சதவீத யுரேனியம் ஒரு கிலோ கிடைக்கச் சுமார் 42 கிலோ இயற்கை யுரேனியம் வேண்டும். செறிவூட்டியது யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற சேர்மமாக வரும். அதை ஆக்சைடாகவோ உலோகமாகவோ மாற்ற வேண்டும், எரிபொருளாக வார்க்க வேண்டும், அந்தச் செறிவுக்கென உரிமம் பெற்ற கொள்கலனில் ஏற்றிவர வேண்டும். செறிவூட்டலையும் சேர்த்து இந்த நான்கில் எது தவறினாலும் உலை காலியாக நிற்கும். முதல் கான்கிரீட் ஊற்றுமுன் நான்குக்கும் நிறுவனத்தின் பெயர், உரிம நிலை, கிலோ கணக்கில் ஒப்பந்த அளவு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது நிரப்புக்கும் சேர்த்தே கேளுங்கள்.

வெப்ப மெகாவாட், மின் மெகாவாட்

உலை தரும் வெப்பம் முழுதும் மின்சாரமாகாது; திட்டத்தில் மின் மெகாவாட்டையே எழுதுங்கள். எக்ஸ்இ-100 என்ற மேம்பட்ட உலை: வெப்பம் 200 மெகாவாட், மின்சாரம் 80 மெகாவாட்.

சேமிப்பைத் திறனாக எண்ணுவது

நேட்ரியத்தின் தொடர்திறன் 345 மெகாவாட். உருகிய உப்பில் சேர்த்த வெப்பத்தால் 500 வரை ஏறும். அது ஐந்தரை மணி நேரம் போல நிற்கும். தொட்டி மறுபடி நிரம்பும்வரை மின்தொகுப்புக்குப் போவது 345-க்கும் கீழே இறங்கும். இரவும் பகலும் ஒரே சீராக இழுக்கும் தரவு மையத்துக்கு 500 என்று எழுதாதீர்கள்.

இணைப்புத் தேதியை விநியோகத் தேதி என்பது

மின்தொகுப்பில் இணைந்த நாளிலேயே வணிக மின்சாரம் வந்துவிடாது. சீனாவின் எச்டிஆர்-பிஎம் உலை: கட்டுமானத் தொடக்கம் 2012 டிசம்பர், மின்தொகுப்பு இணைப்பு 2021 டிசம்பர், வணிக உற்பத்தி 2023 டிசம்பர்.

முதலில் சொன்ன விலை

அமெரிக்காவின் ஐடஹோவில் வரவிருந்த நியூஸ்கேல் நிறுவனத்தின் சிறு உலைத் திட்டத்தில் மெகாவாட்-மணிக்கு 58 டாலர் என்றது, அரசுச் சலுகை போகவும் 89 ஆனது. 2023 நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது.

ஒற்றை உலை

ஒரே உலையை நம்பினால், எரிபொருள் மாற்ற அதை நிறுத்தும் வாரங்களில் மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள்.