பெரோவா சினோவா: நாலு நாள் குழப்பம் தீர்ந்த கதை

ஸ்பானிஷில் 'ஆனால்' என்பதற்குப் பெரோ, சினோ என்று இரண்டு சொற்கள். பயிற்சித் தாளில் நான் எதைப் போட்டாலும் பாதி தப்பாகவே வந்தது.

முதலில், முன்பாதியில் 'நோ' இருந்தால் சினோ என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். 'நோ எஸ் ரீகோ, பெரோ எஸ் ஃபெலிஸ்' (பணக்காரன் இல்லை, ஆனால் சந்தோஷமாக இருக்கிறான்) அதை உடைத்தது. நோ இருக்கிறது, இருந்தும் பெரோ! அப்புறம் வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். புது வாக்கியம் வந்ததும் மறுபடி தடுமாற்றம்.

கடைசியில் தமிழே வழி காட்டியது. 'நோ எஸ் மேதிகோ, சினோ அபொகாதோ': 'அவர் டாக்டர் இல்லை, வக்கீல்.' இங்கே 'ஆனால்' போட்டுப் பாருங்கள், ஒட்டாது. ஒன்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கிறோம், அதனால் சினோ. பணக்காரன் வாக்கியத்தில் 'ஆனால்' இயல்பாக நிற்கிறது, இரண்டு பாதியும் உண்மை, அதனால் பெரோ. அன்றிலிருந்து தப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது, பெரிய நிம்மதி.

பலர் கவனிக்காத ஒன்று: பின்பாதியில் காலம் காட்டும் வினைமுற்று வந்தால் சினோ மட்டும் போதாது, 'சினோ கே' வேண்டும். 'நோ யாமோ, சினோ கே எஸ்கிரிபியோ': போன் செய்யவில்லை, எழுதினாள். எனக்கு மிச்சமிருந்த தப்புகளில் பெரும்பாலானவை இந்தக் 'கே' விட்டுப்போனதால்தான்.

'சி நோ' என்று பிரித்து எழுதினால் அது வேறு, 'இல்லாவிட்டால்' என்று பொருள். அதில் 'நோ' அழுத்தி ஒலிக்கும்.