கட்டவிழ்ப்புக் கட்டடக்கலையைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவர் சாய்ந்திருந்தால் போதும், கூரை நெளிந்திருந்தால் போதும், அந்தக் கட்டடத்தை ‘டீகன்ஸ்ட்ரக்டிவிசம்’ என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் கட்டவிழ்ப்புக் கட்டடக்கலை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் கட்டடக்கலையில் நடந்த மிகத் துணிச்சலான சோதனைகளில் ஒன்று இது என்று நான் நினைக்கிறேன். அதனாலேயே, அதை வெறும் கோணல் மாணல் வடிவமாகச் சுருக்கிப் பேசுவதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது.

முதல் தவறும் பெரிய தவறும், வெளியிலிருந்து எடுத்த ஒரு போட்டோவை வைத்து முடிவு செய்வது. கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கேரி 1978இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் தன் சொந்த வீட்டை மாற்றிக் கட்டியதை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே அங்கே ஒரு சாதாரணப் பழைய வீடு நின்றது. அதை அவர் இடிக்கவில்லை. நெளிதகடு, ஒட்டுப்பலகை, கம்பிவலை என்று மலிவான பொருள்களைக் கொண்டு அதைச் சுற்றி இன்னொரு வீட்டைக் கட்டினார். பழைய வீட்டின் வெளிச்சுவர் இப்போது புதிய வீட்டின் உள்சுவர். சமையலறை இரண்டுக்கும் நடுவில் வருகிறது, அதன் தரையில் தார். நேற்றுவரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் இன்று அடுப்பைப் பார்க்கிறது. உள்ளே சில இடங்களில் பூச்சை உரித்து, சுவரின் மரச்சட்டங்களை அப்படியே தெரியவிட்டார். வீட்டுக்குள் எது, வெளியே எது, வேலை முடிந்துவிட்டதா இல்லையா என்ற கேள்விகள் அங்கே நிற்பவருக்குத் தானாகவே எழும். தெருவிலிருந்து எடுத்த படத்தில் இதெல்லாம் தெரியாது. தகரம் அடித்த ஒரு விசித்திர வீடுதான் தெரியும்.

பீட்டர் ஐசன்மேன் வடிவமைத்து 1989இல் திறக்கப்பட்ட வெக்ஸ்னர் கலை மையமும் அப்படித்தான். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்துத் தெருக்களின் குறுக்கு நெடுக்குக் கட்டமும் (கிரிட்), அங்குள்ள ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தின் கட்டமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் சுமார் 12 பாகை விலகியிருக்கின்றன. வேறு யாராக இருந்தாலும் இந்தப் பிசிறை மறைத்திருப்பார்கள். ஐசன்மேன் இரண்டு கட்டங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அவை மோதும் இடத்திலேயே கட்டடத்தை உருவாக்கினார். சாரம் போல நீளும் வெள்ளைச் சட்டகம் நகரத்தின் கட்டத்தைப் பின்பற்றுகிறது. அதே இடத்தில் முன்பு நின்று, 1958இல் தீப்பிடித்துப் பிறகு இடிக்கப்பட்ட ஆயுதக் கூடத்தின் செங்கல் கோபுரங்களைத் துண்டுதுண்டாக மறுபடி எழுப்பினார். படிக்கட்டின் மேலே ஒரு தூண் தரையைத் தொடாமல் தொங்குகிறது. தூண் என்றால் சுமக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே உடைகிறது.

இந்த இரண்டிலும், கட்டடம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு விதியை எடுத்து, அதைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துச் சோதிக்கிறார்கள். அதனால் எலிவேஷனை, அதாவது வெளிமுகத் தோற்றத்தை, மட்டும் பார்க்காதீர்கள். பிளானையும் (மேலிருந்து பார்க்கும் தள வரைபடம்) செக்ஷனையும் (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வரைபடம்) தேடிப் பாருங்கள். பெரும்பாலான கட்டடங்களுக்கு இவை இணையத்திலேயே கிடைக்கும். எந்த விதி மீறப்பட்டிருக்கிறது, அந்த மீறல் உள்ளே நடப்பவருக்குப் புரிகிறதா என்று கேளுங்கள். சிட்னி ஓபரா ஹவுஸ் இந்தப் பட்டியலில் ஏன் வராது என்பது அப்போது விளங்கும். அதன் கூரையில் சிப்பிகள் போல எழும் வளைவுகள் அத்தனையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. பார்க்க எவ்வளவு துள்ளலாக இருந்தாலும் அது ஓர் ஒழுங்கின் வெற்றி. ஸ்பெயினின் பில்பாவோவில் கேரி வடிவமைத்து 1997இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தையும் முழுக்க நெளிவு என்று நினைத்துவிடக் கூடாது. டைட்டானியம் போர்த்திய வளைவுகளுக்கு அருகிலேயே, கல் பதித்த நேரான பகுதிகளும் இருக்கின்றன. அவற்றுக்குள் சதுரமும் செவ்வகமுமான வழக்கமான காட்சிக்கூடங்களே உள்ளன.

அடுத்தது, இதை உறுப்பினர் பட்டியலோடு கூடிய ஓர் இயக்கமாக நினைப்பது. இந்தப் பெயர் பரவக் காரணம் 1988இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கட்டடக்கலைஞர் ஃபிலிப் ஜான்சனும் கட்டடக்கலை ஆய்வாளர் மார்க் விக்லியும் நடத்திய கண்காட்சி. கேரி, ஐசன்மேன், ஸாஹா ஹதீத், ரெம் கூல்ஹாஸ், டேனியல் லிபெஸ்கிண்ட், பெர்னார்ட் ஷூமி ஆகியோரும், வியன்னாவின் கூப் ஹிம்மெல்ப்லாவ் குழுவும் அதில் இடம்பெற்றார்கள். 1932இல் இதே ஜான்சன் இதே அருங்காட்சியகத்தில் ‘சர்வதேச பாணி’யை அறிமுகப்படுத்தியவர். ஆகவே இன்னொரு பாணி வந்துவிட்டது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இது இயக்கமும் இல்லை, கொள்கையும் இல்லை என்று ஜான்சனே அந்தக் கண்காட்சி நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். கேரியும் அந்த முத்திரையை ஏற்றுக்கொள்ளவில்லை. ஹதீதின் பிற்காலக் கட்டடங்களை, உதாரணமாக அஸர்பைஜானின் பாகு நகரில் உள்ள ஹைதர் அலியேவ் மையத்தைப் பாருங்கள். அங்கே துண்டும் மோதலும் இல்லை, தரையே எழும்பிக் கூரையாகிற வழுக்கலான தொடர்ச்சிதான். அதனால் ஆளுக்கு முத்திரை குத்துவதைவிட ஒவ்வொரு கட்டடமாகப் பார்ப்பதே சரி.

தமிழில் பின்நவீனத்துவ விவாதங்கள் வழியாக வந்த வாசகர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ‘கட்டவிழ்ப்பு’ என்ற சிந்தனைமுறையை முன்வைத்த பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதாவைப் படித்தால் இந்தக் கட்டடங்கள் புரிந்துவிடும் என்ற நினைப்பு அது. தொடர்பு இருப்பது உண்மைதான். பாரிஸில் பழைய இறைச்சிக் கூடங்கள் இருந்த இடத்தில் லா வில்லெட் பூங்காவை வடிவமைத்த ஷூமி, அதில் ஒரு தோட்டத்தை உருவாக்க தெரிதாவையும் ஐசன்மேனையும் அழைத்தார். அந்தத் தோட்டம் கட்டப்படவே இல்லை. தெரிதாவைப் பற்றி ஆழமாக எழுதியவரான விக்லியே, இந்த வடிவங்கள் அந்தத் தத்துவத்தை அப்படியே கட்டடமாக்கியவை அல்ல என்று தெளிவாகச் சொன்னார். 1988 கண்காட்சியின் தொடக்கத்தில் ஜான்சனும் விக்லியும் வைத்தது ரஷ்ய முன்னோடிக் கலைஞர்களின் படைப்புகளைத்தான். ஹதீத் தன் மாணவப் பருவ இறுதித் திட்டத்தில் அவர்களில் ஒருவரான ஓவியர் மலேவிச்சின் வடிவத்தை எடுத்து லண்டனில் தேம்ஸ் ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு ஹோட்டலாக வைத்துப் பார்த்தவர். தெரிதாவைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் மலேவிச்சையும், இன்னொரு ரஷ்ய முன்னோடியான டாட்லினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் கணினியால் வந்தது என்பதும் தவறு. கேரியின் அலுவலகம் பில்பாவோவுக்கு விமான வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்தியது சரி. ஆனால் 1988 கண்காட்சியில் இருந்தவை பெரும்பாலும் கையால் வரைந்தவை, அட்டையிலும் மரத்திலும் செய்த மாதிரிகள்.

அப்புறம், பொருள் தேடும் அவசரம். பெர்லின் யூத அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசினால் உடனே ‘உடைந்த தாவீதின் நட்சத்திரம்’ என்று யூதர்களின் அடையாளச் சின்னத்தைச் சொல்வார்கள். வானத்திலிருந்து பார்த்தால்தானே அந்த வடிவம் தெரியும்? அருங்காட்சியகத்துக்கு வருபவர் எதிர்கொள்வது வேறு. லிபெஸ்கிண்டின் கட்டடத்துக்குத் தெருவிலிருந்து வாசலே கிடையாது. பக்கத்திலுள்ள பழைய பரோக் மாளிகைக்குள் நுழைந்து, நிலத்துக்கடியில் இறங்கித்தான் போக வேண்டும். மேலே வளைந்து வளைந்து செல்லும் காட்சிக்கூடங்களை ஒரே நேர்கோட்டில் அமைந்த வெற்றிடங்கள் குறுக்கே வெட்டுகின்றன. கான்கிரீட் சுவர்கள் சூழ்ந்து, அடியிலிருந்து உச்சிவரை காலியாக நிற்பவை அவை. பெரும்பாலானவற்றுக்குள் நுழைய முடியாது, எட்டிப் பார்க்க மட்டுமே முடியும். பெர்லின் இழந்த மனிதர்களின் இடத்தை எந்தக் காட்சிப் பொருளாலும் நிரப்ப முடியாது என்பதை அந்தப் பிளானே சொல்லிவிடுகிறது. 1999இல் கட்டி முடித்து 2001இல் முறையாகத் திறப்பதற்கு முன்பே, காலிக் கட்டடத்தைப் பார்க்கவே மக்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். இதே கூர்முனைகளை டென்வரிலும் டொராண்டோவிலும் லிபெஸ்கிண்ட் மறுபடி பயன்படுத்தியபோது எனக்கு அந்த வலு தெரியவில்லை. இழப்புக்காகப் பிறந்த வடிவம் அங்கே கையெழுத்தாக மாறிவிட்டது.

கடைசியாக, குறைகளைப் பேசும்போது செய்யும் குழப்பம். வேண்டுமென்றே உண்டாக்கிய சங்கடமும் கட்டுமானப் பிழையும் ஒன்றல்ல. பெர்லினில் 49 தூண்கள் நிற்கும் தோட்டத்தில் தரை சாய்ந்திருப்பதால் தலை சுற்றும். அது லிபெஸ்கிண்ட் விரும்பியது. ஐசன்மேன் கனெக்டிகட்டில் கட்டிய ஆறாம் எண் வீட்டின் படுக்கையறைத் தரையில் ஒரு கண்ணாடிப் பிளவு ஓடுகிறது, தம்பதி கட்டில்களைப் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. அதுவும் தெரிந்தே செய்தது. உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அது நியாயமான எதிர்ப்பு. ஆனால் அந்த வீடு ஒழுகியதும் 1980களின் இறுதியில் பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டிவந்ததும் எந்தக் கருத்தின் பெயராலும் மன்னிக்கக்கூடியவை அல்ல. வெக்ஸ்னரில் ஓவியங்கள்மேல் நேரடி வெயில் விழுந்ததும் அப்படியே. அந்த மையத்தைச் சில ஆண்டுகள் மூடி, கண்ணாடிகளையும் கூரை வெளிச்சத்தையும் சரிசெய்து 2005இல் மறுபடி திறந்தார்கள். மோதும் கட்டங்களையும் தொங்கும் தூணையும் அவர்கள் தொடவில்லை.