நான்-லீக் மைதானத்தில் ஒரு சனிக்கிழமை: முதல்முறை போகிறவர்களுக்கு

லண்டனுக்கு வந்து பத்து வருடம் ஆகியும் ஒரு கால்பந்தாட்டம்கூட நேரில் பார்க்காத நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால், டிக்கெட் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை என்பார்கள். பிரீமியர் லீக்கை மட்டும் நினைத்துப் பேசினால் அது சரிதான். ஆனால் இங்கிலாந்தில் மேல்மட்டத்து 92 அணிகளுக்குக் கீழே இன்னும் நூற்றுக்கணக்கான அணிகள் அடுக்கடுக்காக ஆடிக்கொண்டிருக்கின்றன. ஐந்தாம் அடுக்கில் தொடங்கி அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்-லீக் என்று பெயர். அங்கே பல மைதானங்களில் பத்துப் பதினைந்து பவுண்டுக்குள் உள்ளே போய்விடலாம்.

நான் அடிக்கடி போவது தென்கிழக்கு லண்டனில் டல்விச் ஹேம்லட் அணியின் சாம்பியன் ஹில் மைதானம். அதை வைத்தே சொல்கிறேன். மற்ற மைதானங்களிலும் வழிமுறை ஏறக்குறைய இதேதான்.

1. ஆட்டம் நடக்கிறதா என்று பாருங்கள்

வழக்கமாகச் சனிக்கிழமை மதியம் மூன்று மணி. வார நாள் என்றால் பெரும்பாலும் செவ்வாய் இரவு ஏழே முக்கால். சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்தாட்டத்தையும் டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்று ஒரு தடை உண்டு. சோபாவில் கிடக்கிறவனை எழுப்பி இந்த மாதிரி மைதானங்களுக்கு அனுப்புவதற்குத்தான் அது.

காலையில் கிளப்பின் சமூக வலைத்தளப் பக்கத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். குளிர்காலத்தில் தரை உறைந்தாலும், மழையில் தண்ணீர் தேங்கினாலும், நடுவர் வந்து காலால் மிதித்துப் பார்த்துவிட்டு ஆட்டத்தை ஒத்திவைத்துவிடுவார். ஒரு ஜனவரி மாதம் நான் இரண்டு ரயில் மாறி இன்னொரு ஊருக்குப் போனேன். கேட்டில் ஒரு அட்டை தொங்கியது: 'ஆட்டம் இல்லை'. அறிவிப்பு காலை பத்தரைக்கே வந்திருந்தது. நான்தான் போனை எடுத்துப் பார்க்கவில்லை.

எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் நான்-லீக் டே வரை காத்திருங்கள். 2010இல் ஜேம்ஸ் டோ என்ற ரசிகர் தொடங்கிவைத்தது. சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய அணிகள் ஓய்வில் இருக்கும் ஒரு வார இறுதியில் வரும். அன்று பல கிளப்புகள் டிக்கெட்டில் சலுகை தரும்.

2. போய்ச் சேருங்கள்

லண்டன் பிரிட்ஜில் ரயில் ஏறினால் ஈஸ்ட் டல்விச் கால் மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷனிலிருந்து நடை தூரம்தான். பெரிய சூப்பர் மார்க்கெட்டின் பக்கத்தில் எட்கர் கெய்ல் வே என்று ஒரு பாதை வரும், அதில் திரும்புங்கள்.

அந்தப் பெயர்ப் பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கலாம். எட்கர் கெய்ல் கடைசிவரை காசு வாங்காமல் இந்த ஒரே கிளப்புக்கு ஆடியவர். அப்படி அமெச்சூராக இருந்துகொண்டே 1929இல் இங்கிலாந்துக்காக மூன்று ஆட்டம் ஆடினார், பிரான்சுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். இங்கே இன்றும் அவர் பேரைச் சொல்லிப் பாடுகிறார்கள்.

3. உள்ளே நுழையுங்கள்

இரண்டு மணிக்கே போய்விடுங்கள். சுழல்கதவில் கார்டைத் தட்டினால் தள்ளிக்கொண்டு போகலாம். சீட் எண் எதுவும் கிடையாது. இப்போதைய மைதானம் 1992இல் கட்டியது, மொத்தமே மூவாயிரம் பேருக்குத்தான் இடம். இதே இடத்தில் இருந்த பழைய மைதானத்தில் 1948 லண்டன் ஒலிம்பிக்கின் ஆட்டம் ஒன்று நடந்தது. தென் கொரியா மெக்சிகோவை 5-3 என்று தோற்கடித்தது.

வாசலில் புரோகிராம் விற்றால் வாங்குங்கள். ராஃபிள் எனும் குலுக்கல் சீட்டோடு யாராவது வந்தால் ஒன்று கிழித்துக்கொள்ளுங்கள். இந்தச் சில்லறைதான் கிளப்பை ஓட்டுகிறது. 2018இல் நில உரிமையாளரோடு வந்த தகராறில் டல்விச் ஹேம்லட் இங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பல மாதம் டூட்டிங் அண்டு மிட்சம் என்ற அணியின் மைதானத்தில் ஒண்டி ஆடியது. அந்த வருட டிசம்பரில் திரும்பி வந்தது.

4. சாப்பாடு

பர்கர், சிப்ஸ், டீ. போவ்ரில் என்று சூடாக ஒன்று தருவார்கள். பார்க்கக் கறுப்பு டீ மாதிரி இருக்கும், ஆனால் மாட்டிறைச்சிச் சாறு. சாப்பிடாதவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பீர் குடிப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மேல்மட்ட ஆட்டங்களில் மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது குடிப்பதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இங்கே பிளாஸ்டிக் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம்.

5. எங்கே நிற்பது

இதுதான் முக்கியம். முதல்முறை வருகிறவர்கள் கூரைக்குக் கீழே சீட்டைத் தேடிப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்காராதீர்கள். புல்தரையைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு ஓடும். அதில் முழங்கையை ஊன்றி, பயிற்சியாளரும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் டக்அவுட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். உங்களுக்கும் ஆடுகிறவனுக்கும் இடையே சில அடிதான் இருக்கும். டிவியில் ஆயிரம் ஆட்டம் பார்த்திருந்தாலும் கால்பந்தாட்டத்தைக் காதால் கேட்டிருக்க மாட்டீர்கள். அதற்கு இந்த இடம்தான்.

காலும் காலும் மோதும்போது, முன்னங்காலில் கட்டும் ஷின்பேட் 'டக்' என்று கேட்கும். ஈரத்தில் பந்து தலையில் பட்டால் வரும் சத்தத்துக்கு நமக்கே நெற்றி வலிக்கும். அதைவிடச் சுவாரசியம், இருபத்திரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே ஆடுவது. கொஞ்சம் காது கொடுத்தால் ஆட்டமே புரிய ஆரம்பிக்கும். 'மேன் ஆன்' என்றால் பின்னால் ஆள் வருகிறான், உடனே பந்தைத் தட்டிவிடு. 'டைம்' என்றால் பக்கத்தில் யாருமில்லை, பதறாதே. 'டர்ன்' என்றால் திரும்பு, வழி இருக்கிறது. கார்னர் வரும்போது கோல்கீப்பர் 'கீப்பர்ஸ்' என்று கத்தினால் பந்து என்னுடையது, விலகுங்கள் என்று பொருள். 'அவே' என்றால் எனக்கு எட்டாது, எங்கேயாவது அடித்துத் தொலை. கத்தியது எதுவோ, அடுத்த நொடி அதுவே நடக்கிறதா என்று பாருங்கள். பாதி கோல்கள் யாரோ ஒருவன் கத்த மறந்த இடத்தில் விழுகின்றன.

கோட்டோரம் கொடி பிடிக்கும் துணை நடுவரான லைன்ஸ்மேன் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பின்னாலிருந்து பெரியவர்கள் அவருடைய கண்பார்வையைப் பற்றித் தொண்ணூறு நிமிடமும் விசாரிப்பார்கள். சில லைன்ஸ்மேன்கள் திரும்பிப் பதிலும் சொல்வார்கள்! போன வருடம் ஊரிலிருந்து வந்த என் மைத்துனனை இங்கேதான் கூட்டிப் போனேன். அவன் தூத்தூர்க்காரன், கடற்கரை மணலில் பந்தாடி வளர்ந்தவன். பத்து நிமிடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அத்தான், இவன் சென்டர்பேக்கு, வாயே திறக்க மாட்டேங்கான். அவனுக்குப் பின்னால போடச் சொல்லுங்க" என்றான். சென்டர்பேக் என்றால் தன் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவன். இருபதாவது நிமிடம் அங்கேதான் கோல் விழுந்தது.

பந்து தடுப்பைத் தாண்டி வந்தால் நீங்களே எடுத்துத் திருப்பி எறியலாம். உள்ளூர் அணி முந்தியிருந்தால் கொஞ்சம் மெதுவாக எடுப்பது வழக்கம்.

6. இடைவேளையில் இடம் மாறுங்கள்

பாட்டுப் பாடும் கூட்டம், தம் அணி எந்தக் கோலை நோக்கித் தாக்குகிறதோ அதன் பின்னால்தான் நிற்கும். இடைவேளையில் மொத்தக் கூட்டமும் கொடிகளோடு மறுபக்கம் நடந்து போகும். கூடவே நடந்துவிடுங்கள். இங்கே அணியின் நிறம் இளஞ்சிவப்பும் கருநீலமும். எதிரணி ரசிகர்களையும் பெரும்பாலும் தனியாகப் பிரித்து வைப்பதில்லை.

ஆட்டத்தின் தரம் எப்படி என்று கேட்பார்கள். இந்த அடுக்கில் பலருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது, பயிற்சி மாலையில். பாஸ் தவறும். ஆனால் யார் ஏறிப் போவார் என்று சொல்ல முடியாது. பின்னாளில் இங்கிலாந்துக்கே ஆடிய பீட்டர் கிரவுச் 2000இல் டாட்டன்ஹாமிலிருந்து கடனாக வந்து இந்தச் சட்டையில்தான் ஆடினார். ஜேமி வார்டி எட்டாம் அடுக்கில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் அணிக்கு ஆடி, பிறகு லெஸ்டர் அணியோடு பிரீமியர் லீக் கோப்பையையே தூக்கினார்.

7. உடை

இரண்டு ஜோடி சாக்ஸ். கீழே காங்கிரீட், குளிர் காலிலிருந்துதான் ஏறும்.

8. விசிலுக்குப் பிறகு

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஆட்டம் முடியும். ஓடாதீர்கள், பாருக்குப் போங்கள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வீரர்களும் வருவார்கள். மைத்துனன் அந்தச் சென்டர்பேக்கைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் பாதி, சைகையில் பாதியாக ஏதோ விளக்கினான். அவனும் தலையாட்டிக் கேட்டான். ஈஸ்ட் டல்விச் பிளாட்பாரத்துக்கு வந்து சேரும்போது மைத்துனனுக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவன் அக்கா சுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு என்னைத்தான் முறைத்தாள்.