முகாம் பயணத்துக்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: தேர்ந்தெடுப்பது எப்படி?

கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு தார்ச் சாலை முடியும் இடத்தையும் தாண்டிப் போக விரும்புகிறவர்கள், பெரும்பாலும் “மாருதி ஜிப்சியா, மஹிந்திரா தாரா, மாருதி ஜிம்னியா?” என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். புது வண்டி வாங்குகிறவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். பழைய வண்டி வாங்குகிறவருக்கு அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. ஒரே மாடலில், ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே, பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கும். ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே செல்லுமாறு பரிந்துரைக்கிறேன்.

படி 1: போகும் வழியை முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டிலும் கேரள எல்லையிலும் தனியார் வண்டியில் சென்று முகாமிடக்கூடிய இடங்கள் பெரும்பாலும் தனியார் தோட்டங்கள், பண்ணைகள், அனுமதி பெற்ற முகாம்கள் ஆகியவையே. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை ஓட்டிச் செல்வது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயமாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். எனவே ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை பக்கத்துத் தோட்டப் பாதைகளையும், மழைக்காலத்தில் சேறாகும் செம்மண் வழிகளையுமே உங்கள் களமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய பயணத்தில் தூரத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலையிலேயே கழியும். கரடுமுரடான பகுதி கடைசிச் சில கிலோமீட்டர்தான். உலர்ந்த காலத்தில் அந்தப் பகுதியைக்கூட, தரையிலிருந்து போதிய உயரம் உள்ள சாதாரண இருசக்கர இயக்க வண்டி (நான்கில் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் வண்டி) கடந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஈரமான ஏற்றத்தில் ஏற வேண்டும், ஓடையைக் கடக்க வேண்டும் என்றால்தான் ஃபோர் வீல் டிரைவுக்கு வேலை வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பர் விடுமுறையில் மட்டும் போகும் குடும்பத்துக்கு, வாடகை ஜீப் மலிவாக முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படி 2: உண்மையான ஃபோர் வீல் டிரைவ்தானா என்று அறியுங்கள்

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் எல்லா வண்டிகளும் ஒன்றல்ல. ரெனோ டஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யூவி 500 ஆகியவற்றின் ஆல் வீல் டிரைவ் வகைகளில் லோ ரேஞ்ச் (குறைந்த வேகத்தில் அதிக இழுவை தரும் கூடுதல் கியர் நிலை) கிடையாது. வழுக்கும் சாலைக்கும் ஈர மண்ணுக்கும் அவை போதும். சரக்கேற்றிய வண்டி செங்குத்தான கற்பாதையில் நடை வேகத்தில் ஏறி இறங்குவதற்குப் போதாது. லோ ரேஞ்ச் உள்ள வண்டியில், கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் சக்கரங்களுக்குச் செல்லும் முறுக்குவிசையைச் சுமார் இரண்டு முதல் இரண்டரை மடங்காகப் பெருக்குகிறது. வேகம் அதே விகிதத்தில் குறைகிறது. ஏறும்போது கிளட்ச் தேயாமல் தப்புகிறது. இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்காமல் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. புதிதாக ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டாவது பயன்தான் பெரிது.

அடுத்தது டிஃபரன்ஷியல் லாக். டிஃபரன்ஷியல் என்பது வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பு; லாக் அவற்றை ஒன்றாகச் சுழல வைக்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டால் விசையெல்லாம் அந்தச் சக்கரத்தைச் சுழற்றுவதிலேயே வீணாகும். ஃபோர்ஸ் குர்காவின் ஃபோர் பை ஃபோர் வகைகளில் முன்னும் பின்னும் லாக் வருகிறது. பழைய தாரில் 2015-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு பின்புறத்துக்கு இயந்திர லாக் கிடைத்தது. ஜிம்னி இதே வேலையை பிரேக்கின் துணையால் செய்கிறது. ஜிப்சியில் எதுவும் இல்லை. அது தன் எடைக்குறைவை நம்பித்தான் போகிறது.

இங்கே ஏமாறுகிறவர்கள் அதிகம். தார் என்றாலே ஃபோர் வீல் டிரைவ் என்று நினைத்துவிடுகிறார்கள். 2023 ஜனவரி முதல் இருசக்கர இயக்கத் தார் விற்பனையில் உள்ளது. பழைய தாரின் டி.ஐ. வகையிலும் இருசக்கர இயக்க வண்டி இருந்தது. தார் ராக்ஸின் பெட்ரோல் வகைகளில் ஃபோர் வீல் டிரைவே கிடையாது. ஸ்கார்பியோ, பொலேரோ, சஃபாரி ஆகியவற்றில் பெரும்பாலானவை இருசக்கர இயக்க வண்டிகளே. ஃபார்ச்சூனரிலும் இரண்டு வகைகளும் ஓடுகின்றன. பின்கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் நெம்புகோலையோ திருகு குமிழையோ கண்ணால் பாருங்கள். கீழே குனிந்து, முன் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டு (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: இப்போது மாடல்களை ஒப்பிடுங்கள்

மாருதி ஜிப்சி 1985-இல் வந்தது, பின்னாளில் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினைப் பெற்றது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-க்குள் நின்றுபோனது. எடை ஏறக்குறைய ஒரு டன் என்பதால் சேற்றில் மற்ற வண்டிகள் புதையும் இடத்தில் இது மேலேயே போய்விடும். நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங். ராணுவமும் காவல்துறையும் நெடுங்காலம் பயன்படுத்தியதால் இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் சிற்றூர்களிலும் கிடைப்பார். ஆனால் நெடுஞ்சாலையில் குலுக்கி எடுக்கும், ஏ.சி. எதிர்பார்க்க முடியாது, பின்னிருக்கைகள் பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும். குழந்தைகளுடன் போகிறவர் இதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தவிரவும், அதன் மேல் உள்ள மோகத்தால் இன்று கேட்கப்படும் விலை பல நேரங்களில் வண்டியின் தகுதிக்கு மீறியது.

2010 முதல் 2020 வரை வந்த பழைய தாரில் சி.ஆர்.டி.இ. டீசல் என்ஜின் 105 குதிரைத்திறன் கொண்டது. கீழ் வேகத்தில் நன்றாக இழுக்கும். முன்புறம் தனித்தனிச் சஸ்பென்ஷன், பின்புறம் லீஃப் ஸ்பிரிங். துணிக்கூரை வழியாக மழைநீர் ஒழுகுவதும், உள்தரையில் துரு பிடிப்பதும் இந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை. 2020 அக்டோபரில் வந்த புதிய தார் இதற்கு உறவினர் என்று சொல்ல முடியாத அளவுக்கு மாறியது: இருக்கைகள் முன்னோக்கியவை, தரையிலிருந்து உயரம் 226 மி.மீ., நிறுவனம் குறிப்பிடும் நீர்கடக்கும் ஆழம் 650 மி.மீ., எரிபொருள் தொட்டி 57 லிட்டர். குறை என்னவென்றால், நால்வர் அமர்ந்தபின் பொருள் வைக்க இடம் மிகக் குறைவு. இருவர் செல்லும் முகாமுக்கு, பின்னிருக்கையை மடித்துவிட்டால், தாராளம்.

ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஏணிவடிவச் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), முன்னும் பின்னும் திட அச்சு, காயில் ஸ்பிரிங், லோ ரேஞ்ச், ஆறு ஏர்பேக் எனத் தொடக்கநிலையினருக்குத் தேவையானவை ஒரே வண்டியில் அமைந்துள்ளன. நெடுஞ்சாலையில் என்ஜின் சற்றுத் திணறும். 40 லிட்டர் தொட்டி நீண்ட பயணத்துக்குச் சிறிது. புதிதாக விற்கும்போது பெரிய தள்ளுபடிகள் தரப்பட்டதால், பழைய ஜிம்னிக்குப் பேரம் பேச இடம் உண்டு. பட்ஜெட் இடம் கொடுக்குமானால், மூன்று பேர் வரையுள்ள குடும்பத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-இல் வந்த ஐந்து இருக்கைப் பிக்கப். பின்தொட்டியில் கூடாரம், அடுப்பு, ஈரத்துணி எல்லாவற்றையும் போட்டுவிடலாம். ஆனால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3095 மி.மீ.; ஜிப்சியில் அது 2375, புதிய தாரில் 2450, ஜிம்னியில் 2590. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள்; குறுகிய தோட்டப் பாதையில் இந்த வண்டியைத் திருப்புவது தனி வேலை. மேடான இடத்தில் நடுவயிறு தட்டும் வாய்ப்பும் கூடுதல்.

ஃபார்ச்சூனர், எண்டேவர், சஃபாரி ஸ்டோர்ம் போன்ற பெரிய வண்டிகள் நெடுஞ்சாலையில் சுகம். 2009 முதல் 2016 வரை வந்த ஃபோர் வீல் டிரைவ் ஃபார்ச்சூனர்களில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் என்பது மழைச்சாலையில் நல்ல பாதுகாப்பு. ஃபோர்டு நிறுவனத்தின் எண்டேவர் சென்னையை அடுத்த மறைமலை நகரில் உற்பத்தியானது. 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்துவிட்டதால், உதிரிபாகத்துக்கு வழியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். இந்த எடையுள்ள வண்டி சேற்றில் புதைந்தால் ஆள் தள்ளி எடுக்க முடியாது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை உமிழ்வுத் தரம்) டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது சுத்தமாக, அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டியாக வேண்டும். நகருக்குள் மட்டுமே ஓடிய வண்டியானால் இதைக் கேட்டறியுங்கள்.

படி 4: வண்டியைச் சோதியுங்கள்

முதல் நிபந்தனை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பது. முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பட்டறையில் லிஃப்டில் ஏற்றிக் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். சேசிஸ் சட்டத்தில் மேலோட்டமான துரு இருப்பது இயல்பு. சுத்தியலால் மெல்லத் தட்டும்போது செதில் உதிர்ந்தாலோ, வெல்டிங் ஒட்டு தெரிந்தாலோ, புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கடற்கரை ஊர்களில் ஓடியவற்றை இன்னும் கவனமாகப் பாருங்கள். டிஃபரன்ஷியல், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டின் ஆயில் திருகையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறக்கிவிட்டு ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறதா என்று தார்ச் சாலையில் சோதிக்கக் கூடாது. பகுதிநேர இயக்க வண்டியில் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களையும் இணைக்கும் வண்டியில்), அப்படி இணைக்கும்போது முன் அச்சும் பின் அச்சும் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், காய்ந்த தார்ச் சாலையில் அந்த வேறுபாடு எங்கும் நழுவ முடியாமல் பற்சக்கரங்களைத் திருகும். மண் தரைக்கோ சரளைக்கோ கொண்டு செல்லுங்கள். முதலில் ஃபோர் ஹை (வழக்கமான வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம்) போட்டு மெதுவாக வட்டமடியுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, ஃபோர் லோ (லோ ரேஞ்ச்) போட்டு ஒரு சிறு ஏற்றத்தில் முதல் கியரில் ஏறுங்கள். கியர் தானாக வெளியே வந்துவிட்டாலோ, ‘டக் டக்’ என்று அடி விழுவதுபோல் கேட்டாலோ செலவு பெரிதாக வரும். ஜிப்சி போன்றவற்றில் முன் சக்கர நடுவில், சக்கரத்தை அச்சுத்தண்டோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருகும் லாக் இருந்தால், அது இரு நிலைகளுக்கும் மாறுகிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகள் தொடப்படாமல் இறுகிப்போனவை நிறைய உண்டு.

டயர் நான்கும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். வெவ்வேறு அளவுள்ள டயர்களுடன் ஃபோர் ஹையில் ஓட்டியிருந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்திருக்கும். டயர் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் தனிப் பிரச்சினை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018-இல் கேரளத்திலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களிலும் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள்; கடைசிப் பகுதியில் வண்டல் கறை இருந்தால் போதும். இருக்கை நகரும் தண்டவாளத்தின் துரு, தரைவிரிப்பின் அடியில் நிற்கும் மண், ஒயர் இணைப்புகளின் பச்சைப் பூச்சு ஆகியவையும் அதையே சொல்லும்.

படி 5: மாற்றம் செய்யாத வண்டியைத் தேடுங்கள்

பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், கூடுதல் விளக்கு, இரும்பு பம்பர் எல்லாம் போட்ட வண்டி படத்தில் அழகாக இருக்கும். விற்பவரும் அவற்றின் விலையைச் சேர்த்தே கேட்பார். நீங்கள் அவற்றைக் குறையாகவே எண்ணுங்கள். அப்படி மாற்றியவர் வண்டியைக் கடுமையாக ஓட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். சட்டமும் உங்கள் பக்கம் இல்லை: வண்டியின் மூல அமைப்பை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரத்துக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. முன்பக்க இரும்புக் காப்புக் கம்பிகளுக்கு (புல் பார்) எதிராக மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. பழைய ஜீப்களில் வேறு என்ஜின் பொருத்தியிருப்பது வழக்கம். என்ஜின் எண் ஆர்.சி.யுடன் பொருந்தவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

படி 6: ஆவணங்கள்

சேசிஸ் எண்ணை ஆர்.சி.யுடன் நேரில் ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் பதிவு இருந்தால் படிவம் 35 மூலம் அது நீக்கப்பட்ட பின்னரே பணம் கொடுங்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28 வழியாக என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று). டெல்லியில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாடு வந்ததால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. இங்கே மறுபதிவுக்கான வரியையும் அலைச்சலையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த மலிவு பல நேரம் மறைந்துவிடும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், 13 அல்லது 14 வயதான வண்டிக்கு அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

படி 7: வாங்கியவுடன்

கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைத்துக்கொண்டே வண்டியின் விலையைப் பேச வேண்டும். அந்தப் பணத்தில் என்ஜின், கியர் பெட்டி, ட்ரான்ஸ்ஃபர் கேஸ், இரு டிஃபரன்ஷியல்கள் ஆகிய எல்லாவற்றின் ஆயிலையும், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட்டுகளையும், விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும், மாற்றிவிடுங்கள். வின்ச் (வண்டியில் பொருத்தும் இழுவைக் கருவி) இப்போது வேண்டாம்; நல்ல இழுவைக் கயிறு, அதை மாட்டுவதற்கான இரண்டு இரும்பு வளையங்கள் (ஷேக்கிள்), மண்வெட்டி, காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர், காற்றழுத்தமானி ஆகியவை போதும். கயிற்றை வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும்; பம்பரிலோ அச்சிலோ அல்ல.

கனமான பொருளைக் கூரையில் ஏற்றாதீர்கள். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. அது தரையோடு, பின்னச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். முதல் பயணத்தை, இரவில் அழைத்தால் மெக்கானிக் வரக்கூடிய தொலைவில், அனுபவமுள்ள ஒருவர் ஓட்டும் இன்னொரு வண்டியின் துணையோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் டிஃபரன்ஷியல் ஆயிலை மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள்.