கணினி நிறுவனம் சொந்தக் கடை திறக்க: சரக்கறையும் சர்வீஸ் மேசையும் முதலில்

கணினி தயாரிக்கும் நிறுவனம் சொந்தமாகக் கடை திறக்க நினைத்ததும் பேச்சு நேராகக் கண்ணாடி முகப்புக்கும் விளக்குக்கும் மேசைக்கும் போய்விடும். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வந்தவர் கணினியைக் கையோடு வாங்கிக்கொண்டு போக முடியுமா? அது கெட்டுப்போனால் அதே கடைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? இரண்டுக்கும் ‘முடியும்’ என்று சொல்ல வழியில்லை என்றால் கடை திறக்காதீர்கள்.

கணினி தயாரித்து விற்ற கேட்வே நிறுவனம் 1996-ல் அமெரிக்காவில் சொந்தக் கடைகளைத் திறக்கத் தொடங்கியது. வந்தவர் கணினியைத் தொட்டுப் பார்க்கலாம், வேண்டிய ரேமும் டிஸ்க்கும் சொல்லி ஆர்டர் கொடுக்கலாம். பெட்டி பிறகுதான் வீட்டுக்கு வரும். சரக்கு வைக்காவிட்டால் பணம் முடங்காது என்பது கணக்கு. பணம் முடங்கவில்லைதான், ஆனால் வாடகையும் சம்பளமும் மாதாமாதம் போய்க்கொண்டே இருந்தன. நிறுவனத்தின் மற்ற நட்டங்களும் சேர்ந்துகொள்ள, 2004 ஏப்ரலில் மிச்சமிருந்த 188 கடைகளையும் மூடிவிட்டார்கள். டெல் 2002 முதல் வணிக வளாகங்களின் நடைபாதையில் சிறு விற்பனை மேடைகள் போட்டது. அங்கேயும் ஆர்டர் மட்டும்தான். 2008 ஜனவரியில் அமெரிக்காவில் இருந்த 140 மேடைகளையும் எடுத்துவிட்டது. ஆப்பிள் 2001 மே 19 அன்று வர்ஜீனியாவின் டைசன்ஸ் கார்னரிலும் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலிலும் முதல் இரண்டு கடைகளைத் திறந்தபோது, பெட்டிகளைக் கடையிலேயே வைத்திருந்தது. ‘ஜீனியஸ் பார்’ என்ற பழுதுபார்க்கும் மேசையையும் போட்டிருந்தது.

கணக்கை எப்படிப் போடுவது

பலர் தவறுவது இங்கேதான். தயாரிப்பு லாபத்தையும் கடை லாபத்தையும் சேர்த்து எழுதினால் எந்தக் கடையும் நன்றாக ஓடுவது போலத் தெரியும். அதே கணினியை டீலர் விற்றிருந்தாலும் தயாரிப்பு லாபம் உங்களுக்கு வந்திருக்கும். அதைக் கடையின் சம்பாத்தியமாகக் காட்டக் கூடாது. எனவே, டீலருக்குக் கொடுக்கும் அதே விலைக்குக் கடை சரக்கை வாங்குவதாகப் பதிவு செய்யுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: வாடகை, சம்பளம், மின்சாரம், காப்பீடு, பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 100 பங்கு (ஒரு பங்கு என்பதை உங்களுக்கு வசதியான ஏதோ ஒரு தொகையாக வைத்துக்கொள்ளுங்கள்). விற்பனையில் கடைக்கு நிற்பது 12 சதவீதம். கை நட்டமில்லாமல் ஓட மாதம் 833 பங்கு விற்க வேண்டும். ஒரு கணினியின் சராசரி விலை 4 பங்கு என்றால் மாதத்துக்கு 208 கணினிகள்; 26 நாள் திறந்தால் நாளுக்கு 8. உள்ளே வருபவர்களில் பத்துக்கு ஒருவர் வாங்கினால் நாளுக்கு 80 பேர் வந்தாக வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடத்தின் வாசலில் ஒரு வார நாளும் ஒரு விடுமுறை நாளும் நின்று, கடந்துபோகிறவர்களை மணிக்கணக்கில் எண்ணுங்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தால், அந்த இடம் கட்டுமா என்று ஒரே தாளில் தெரிந்துவிடும். துணைப்பொருட்களில் லாப விகிதம் பெரும்பாலும் அதிகம் என்பதால் நிலைமை கொஞ்சம் இளகும். ஆனால் அதை நம்பி வாடகையை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

குத்தகைப் பத்திரத்தில், 12 அல்லது 18 மாதத்தில் அபராதமில்லாமல் வெளியேற ஒரு ஷரத்து கேளுங்கள். முதல் கடை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ஒரு புது மாடல் வந்து, பழையது விற்றுத் தீர்ந்து, திருப்பிக் கொடுப்பதும் பழுதும் ஒரு சுற்று முடியும்வரை இரண்டாவது கடையைப் பற்றிப் பேச வேண்டாம்.

டீலர்களிடம் செய்தியை நீங்களே, திறப்புக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் கடையில் அவர்களைவிடக் குறைத்து விற்காதீர்கள். தள்ளுபடி வந்தால் ஒரே நாளில் எல்லோருக்கும் வரட்டும். அதே நேரம், டீலர் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று நீங்கள் கட்டாயப்படுத்துவது பல நாடுகளில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்; ஒப்பந்தத்தை வழக்கறிஞர் பார்க்க வேண்டும். எந்த டீலரிடம் வாங்கிய கணினியையும் உங்கள் கடையில் பழுதுபார்ப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

அட்டைப் பெட்டியில் ஒத்திகை

கட்டுமானத்துக்கு முன் கடையை முழு அளவில் ஒரு காலிக் கிடங்கில் போட்டுப் பாருங்கள். தரையில் டேப் ஒட்டி, அட்டைப் பெட்டிகளை மேசையாக அடுக்கினாலே போதும். ஆப்பிளும் முதல் கடைக்கு முன் கிடங்கில்தான் மாதிரி போட்டது. முதலில் மாடல் வாரியாக அடுக்கியிருந்ததை, இசை, புகைப்படம், வீடியோ என்று மக்கள் செய்யும் வேலை வாரியாக மாற்றி மறுபடி வடிவமைத்தது. அட்டையில் மாற்றுவது ஒரு மதிய வேலை. சுவர் எழும்பிய பிறகு அதே மாற்றத்துக்கு மாதங்கள் பிடிக்கும்.

நிறுவனத்தோடு தொடர்பில்லாத இருபது பேரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை சொல்லுங்கள்: ‘கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குக் கணினி வேண்டும்’, ‘சார்ஜர் எரிந்துவிட்டது’. அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்கள், யாரைத் தேடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சர்வீஸ் மேசை பின்சுவரை ஒட்டி, வாசலிலிருந்து கண்ணில் படும்படி இருப்பது நல்லது. வாசலருகே போட்டால், கெட்டுப்போன கணினியோடு நிற்கும் வரிசைதான் புதிதாக வருபவருக்கு முதல் காட்சி.

டெமோ மேசை

நின்று பார்க்கும் மேசை 90 சென்டிமீட்டர் உயரம். உட்கார்ந்து பார்க்க ஒரு மேசையாவது 75 சென்டிமீட்டரில். சக்கர நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் அகலம் ஓரிடத்திலாவது வேண்டும். பக்கத்துப் பக்கத்து மடிக்கணினிகளுக்கு இடையே இரண்டு பேர் தோள் உரசாமல் நிற்க இடம் விடுங்கள். மேலே இருக்கும் விளக்கு திரையில் பிரதிபலிக்கிறதா என்று, திரையைத் திறந்து வைத்து, நின்ற உயரத்திலிருந்து பாருங்கள்.

மின்சாரக் கணக்கு எளிது: 65 வாட் சார்ஜரோடு 8 மடிக்கணினி என்றால் ஒரு மேசைக்கு அதிகபட்சம் 520 வாட். கேமிங் மடிக்கணினி ஒன்றே 230 முதல் 330 வாட் வரை கேட்கும். அந்த மேசைக்குத் தனி சர்க்யூட். பில் போடும் இடமும் நெட்வொர்க் பெட்டியும் யுபிஎஸ்ஸில் தனியாக இருக்கட்டும். ஒரு மேசையில் பிரேக்கர் விழுந்தால் கல்லாவும் சேர்ந்து நிற்கக் கூடாது.

டெமோ கணினிகள் கெடும் விதமே வேறு. இரவு பகலாகச் சார்ஜில் 100 சதவீதத்தில் நிற்கும் பேட்டரி சில மாதங்களில் உப்பத் தொடங்கலாம். டச்பேட் மேலே எழும்பினாலோ, மூடிய கணினி மேசையில் ஆடினாலோ பேட்டரியைச் சந்தேகியுங்கள். உடனே அணைத்து மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பயாஸிலோ (கணினி ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) நிறுவன மென்பொருளிலோ சார்ஜ் வரம்பை 60 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்தால் இது வெகுவாகக் குறையும். ஓஎல்இடி திரையில் ஒரே விளம்பரப் படம் தினமும் நாள் முழுக்க ஓடினால் லோகோவின் நிழல் நாளடைவில் நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். படத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், பிரகாசத்தைக் குறையுங்கள், கடை மூடியதும் திரை அணையட்டும்.

திருட்டைத் தடுக்கக் கட்டும் கம்பி 60 முதல் 75 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் வருபவர் கணினியைத் தூக்கி எடை பார்க்க முடியாது, மூடி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. எடை குறைந்த கணினியை விற்க அந்த ஒரு நொடிதான் எல்லாப் பலகைகளையும்விட நன்றாகப் பேசும்.

மென்பொருள் பக்கம்: டெமோ கணினி ஒவ்வொன்றும் தினமும் கடை மூடியதும் சுத்தமான நிலைக்குத் தானே திரும்ப வேண்டும். வருபவர்கள் தங்கள் மின்னஞ்சலில் நுழைந்துவிட்டு வெளியேறாமல் போவது தினசரி நடப்பது. அடுத்து நிற்பவர் அதைப் பார்க்க விட்டால் கடைக்குத்தான் கெட்ட பெயர். அப்டேட்டுகளை இரவுக்குத் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் கூட்டமான நேரத்தில் எல்லா டெமோ கணினிகளும் ஒன்றாகப் பதிவிறக்கி வை-ஃபையை நிறுத்திவிடும். கல்லா, டெமோ, வாடிக்கையாளர், சர்வீஸ் ஆகிய நான்கும் ஒன்றையொன்று எட்டாத தனித்தனி நெட்வொர்க்குகளில் இருக்க வேண்டும். சர்வீஸுக்கு வரும் கணினியில் வைரஸ் இருக்கலாம் என்பதால் அதைப் பிரிப்பதில் சமரசம் வேண்டாம்.

சரக்கறை

ஒரே மாடலில் 3 ரேம் அளவு, 3 எஸ்எஸ்டி (தரவைச் சேமிக்கும் டிஸ்க்) அளவு, 3 நிறம் என்றால் 27 வகை. எல்லாவற்றையும் அடுக்க முடியாது. அதிகம் விற்கும் நான்கு வகையை மட்டும் வைத்து, மீதிக்கு ஆர்டர் எடுங்கள். ரேமும் எஸ்எஸ்டியும் கழற்றி மாட்டக்கூடிய மாடல் என்றால், அடிப்படை வகையை வைத்துக் கடையிலேயே கூட்டிக் கொடுக்கலாம். ரேம் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட மாடலுக்கு அந்த வழி இல்லை. அங்கே ஒரு படி கூடுதல் ரேம் உள்ள வகையைச் சற்று அதிகமாக வைத்திருங்கள்.

மறு ஆர்டர் புள்ளி: வாரம் 6 விற்று, சரக்கு வர 2 வாரம் ஆனால் 12, கை இருப்புக் காப்பாக 4. பதினாறுக்கு இறங்கியதும் ஆர்டர் போக வேண்டும். புது மாடல் வரும் தேதி கடைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது கட்டாயம். அது தெரியாமல் பழைய மாடலை நிரப்பினால், மொத்த லாபமும் தள்ளுபடியில் கரையும். முதலில் வந்தது முதலில் போகட்டும். பெட்டிக்குள்ளும் பேட்டரி மெதுவாக இறங்கும் என்பதால், ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த பெட்டியைச் சோதித்துவிட்டு விற்பது நல்லது. பில் போடும்போது சீரியல் எண்ணை ஸ்கேன் செய்யுங்கள். வாரண்டி அன்றிலிருந்து தொடங்க வேண்டும், தொழிற்சாலையை விட்ட நாளிலிருந்து அல்ல.

சர்வீஸ் மேசை

மேசையில் ஆன்டிஸ்டாடிக் விரிப்பு, மணிக்கட்டுப் பட்டை, பிஎச்0, பிஎச்00, டி5, டி6 ஸ்க்ரூடிரைவர்கள், தெர்மல் பேஸ்ட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்க வேண்டும். உதிரிபாகங்களில் சார்ஜர், பேட்டரி, எஸ்எஸ்டி, கீபோர்டு, மின்விசிறி, கீல், திரை ஆகியவற்றை விற்கும் ஒவ்வொரு மாடலுக்கும் கையிருப்பில் வையுங்கள். உப்பிய பேட்டரிகளைக் கையால் அழுத்தாமல், குத்தாமல், மூடியுள்ள உலோகப் பெட்டியில் மணலோடு வைத்து, எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி, மறுசுழற்சிக்கு அனுப்புங்கள்.

கணினி ஒன்று உள்ளே வரும்போது நடக்க வேண்டியது இது:

1. சொந்தக்காரர் முன்னாலேயே ஆன் செய்து குறையைப் பாருங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே சீட்டில் எழுதுங்கள்.
2. நான்கு பக்கமும் மூடியும் அடியும் படம் எடுங்கள். கீறல், நெளிவு, உடைந்த மூலை எல்லாம் சீட்டில் வரட்டும். ‘கொடுக்கும்போது இந்தக் கீறல் இல்லை’ என்ற தகராறு இதில்தான் தீரும்.
3. டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டதா, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டதா என்று கேளுங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தில் சாவி, மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்திருக்கும். மதர்போர்டை மாற்றினால் மீட்புச் சாவி இல்லாமல் தரவு திறக்காது. அந்தச் சாவி தன்னிடம் இருப்பதை அவர் உறுதி செய்த பிறகே போர்டைத் தொடுங்கள்.
4. காப்பு நகல் உண்டா என்று கேட்டு, பதிலுக்குக் கையெழுத்து வாங்குங்கள்.
5. கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதாதீர்கள். சோதனைக்குத் தனிக் கணக்கு ஒன்றை அவரே உருவாக்கித் தரட்டும்.
6. செலவு மதிப்பு, முடியும் நாள் இரண்டையும் சொல்லுங்கள். சொன்ன நாளுக்கு முடியாது என்று தெரிந்த அன்றே போன் செய்யுங்கள்.

வேலைக்குக் கணினி இல்லாமல் தவிப்பவருக்குக் கொடுத்தனுப்ப மூன்று இரவல் மடிக்கணினிகள் வைத்திருங்கள். திரும்பி வந்ததும் டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

ஆட்கள்

ஒரு கணினிக்கு இவ்வளவு என்று கமிஷன் வைத்தால், விலை கூடிய கணினி தேவையில்லாதவர் கையில் போய், சில நாளில் திரும்பி வரும். மாதச் சம்பளமும், கடை மொத்தத்துக்கான ஊக்கத்தொகையும் போதும். விற்பவர் முதலில் மூன்று கேள்வி கேட்கப் பழக வேண்டும்: இப்போது எதில் வேலை செய்கிறீர்கள்? அதில் என்ன தொந்தரவு? கணினியை எங்கெல்லாம் எடுத்துக்கொண்டு போவீர்கள்? மாடல் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். புதிதாகச் சேரும் விற்பனையாளர் ஒவ்வொருவரும் முதல் வாரத்தை சர்வீஸ் மேசையில் கழிக்கட்டும். எந்தக் கணினி எதற்குத் திரும்பி வருகிறது என்று அங்கே பார்த்தவர், பொருந்தாததை விற்கத் தயங்குவார்.

திறப்பும், வேண்டியிருந்தால் மூடலும்

அறிவிப்பில்லாமல் இரண்டு வாரம் கதவைத் திறந்து வையுங்கள். பில், திருப்பிக் கொடுத்தல், சர்வீஸ் சீட்டு மூன்றையும் நிஜ வாடிக்கையாளரோடு ஓட்டிப் பார்த்த பிறகே விளம்பரம். அதன்பின் வாராவாரம் பார்க்க வேண்டியவை: உள்ளே வந்தவர், வாங்கியவர், கேட்ட மாடல் இல்லாமல் திரும்பியவர், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தவர், சொன்ன நாளில் முடியாத பழுதுகள். இவற்றில் மூன்றாவதை எந்தப் பில்லும் காட்டாது. கடை ஆட்களே கையால் குறிக்க வேண்டும். குறிக்காத கடையில் சரக்கு ஆர்டர் குத்துமதிப்பாகத்தான் போகும்.

மூடும் நிலை வந்தால், கடைசி விற்பனை நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே புதுப் பழுதுகளை எடுப்பதை நிறுத்தி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணினியையும் சொந்தக்காரர் கையில் சேர்த்துவிடுங்கள். வாரண்டி மிச்சமிருக்கும் எல்லோருக்கும், இனி எங்கே கொண்டுபோக வேண்டும் என்ற முகவரியை எழுத்தில் அனுப்புங்கள். அந்த முகவரிக்கு உதிரிபாகங்கள் போய்ச் சேர்ந்த பிறகு கதவைப் பூட்டலாம்.