மலபார் ஹில்லில் வாடகை வீடு: டோக்கன் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

மும்பையின் மலபார் ஹில்லில் வீடு பார்க்க மழை கொட்டும் ஜூலைதான் சரியான மாதம். ஜனவரியில் எல்லா வீடும் அழகாகத்தான் தெரியும். ஹாலில் நின்று கடலைப் பார்த்ததும் கை தானாக டோக்கன் பணத்துக்கு, அதாவது வீட்டைப் பிடித்து வைக்கும் முன்பணத்துக்குப் போகும். ஒரு மணி நேரம் நல்ல மழை அடித்த கையோடு போய்ப் பாருங்கள்.

போனதும் லிஃப்டில் ஏறாதீர்கள். மலையை வெட்டிய இடத்தில் மண் சரியாமல் தாங்கி நிற்கும் ரீடெய்னிங் வாலைப் பார்க்க, கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். 2020 ஆகஸ்ட் 5 பெருமழையில் பி.ஜி. கேர் மார்க்கை ஒட்டிய சரிவு இடிந்து, கீழே என்.எஸ். பட்கர் மார்க்கில் மண்ணும் மரமுமாக வந்து விழுந்தது. மழைநீரைக் குடித்த மண் கனத்து சுவரைத் தள்ளும். அந்த நீர் வெளியேறத்தான் சுவரில் வரிசையாகக் குழாய்த் துளைகள் விட்டிருக்கிறார்கள். மழைக்குப் பின் அவற்றில் நீர் வடிந்தால் நல்லது. துளைகள் காய்ந்து கிடக்க, சுவர் மட்டும் ஊறிப்போயிருந்தால் துளை அடைத்துவிட்டது, தண்ணீரின் அழுத்தத்தையும் சேர்த்துச் சுவர் தாங்குகிறது என்று அர்த்தம். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, குறுக்காக நீளமான விரிசல் ஓடுகிறதா, இணைப்புகளில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே பல கட்டடங்கள் பழசு. வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான (சொசைட்டி) மாதிரி விதிகளின்படி 15 முதல் 30 வயதான கட்டடத்துக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும், 30 தாண்டியதற்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டட உறுதிச் சோதனை நடக்க வேண்டும். கடைசி அறிக்கையைக் கேளுங்கள். சொசைட்டி செயலாளர் மழுப்பினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

அடுத்து திசை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே நேப்பியன் சீ ரோடு பக்கத்து ஜன்னல்களில் நேராக அறையும். சௌபாட்டி கடற்கரையைப் பார்த்த கிழக்குச் சரிவில் அந்த அடி குறைவு. அஸ்தமனக் காட்சிக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதே ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள். மேற்குப் பக்கமே வேண்டுமென்றால், ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த்தடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிந்தால் சரி. தேங்கி நின்றால் வடிகால் துவாரம் அடைபட்டிருக்கிறது, முதல் பெருமழையிலேயே தண்ணீர் ஹாலுக்குள் வரும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிலிக்கான் உரிந்திருந்தால் மே மாதத்துக்குள் மறுபடி பூசச் சொல்லுங்கள். ஈரச் சுவரில் அது ஒட்டாது.

உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டைத்தான் முதலில் தின்னும். காயில் அரித்து, கேஸ் கசிந்து, 'குளிரே இல்லை' என்று புலம்புவது இங்கே சகஜம். மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு, வெளிக் காயிலை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள். ஆள் வெளியே தொங்கிச் செய்யும் வேலை இது; பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். புதிதாகப் போடும் போல்ட், கம்பி எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 ரகம் கடலோரத்தில் சீக்கிரமே பழுப்புக் கறை காட்டும்.

ஹேங்கிங் கார்டன் பூங்காவுக்கு அடியிலேயே நகரத்தின் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதற்காக உங்கள் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும் என்று நினைக்க வேண்டாம். மாநகராட்சி தண்ணீர் குறித்த நேரத்தில்தான் வரும். மீதி நேரமெல்லாம் சொசைட்டி தொட்டிதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போட்டு, தொட்டியின் கொள்ளளவு எத்தனை வீட்டுக்குப் பங்காகிறது என்று கேளுங்கள்.

லீவ் அண்ட் லைசென்ஸ் எனப்படும் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது மகாராஷ்டிராவில் கட்டாயம். அது வீட்டுக்காரரின் பொறுப்பு. முத்திரைக் கட்டணம் மொத்த வாடகையோடு டெபாசிட்டின் 10 சதவீத ஆண்டு வட்டியைக் கூட்டி, அதில் 0.25 சதவீதம். மாதம் 2 லட்சம், 24 மாதம், டெபாசிட் 8 லட்சம் என்றால் வாடகை 48 லட்சமும் இரண்டு ஆண்டு வட்டி 1.6 லட்சமும் சேர்ந்து 49.6 லட்சம், கட்டணம் 12,400 ரூபாய். பதிவுக் கட்டணம் 1,000 தனி. சாவி வாங்கும் அன்றே ஈரத்திட்டு, துரு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். டெபாசிட்டில் கழிக்க வரும்போது அதுதான் பேசும்.

மீன் சமைப்பவர்கள் அதை முதல் போன் பேச்சிலேயே சொல்லிவிடுவது மேல். குஜராத்திகளும் ஜைனர்களும் அதிகமாக உள்ள கட்டடங்களில் 'வெஜ்தானே?' என்ற கேள்வி வரும். எழுத்தில் எங்கும் இருக்காது, ப்ரோக்கர் வாயில்தான் வரும். சட்டம் பேசி உள்ளே போனாலும் தினம் ஒரு முறைப்பு வாசலில் காத்திருக்கும்.

செம்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவர்கள் ஆட்டோ தேடாதீர்கள். பாந்த்ராவுக்கும் சயனுக்கும் தெற்கே ஆட்டோ ஓடாது; டாக்சி, பெஸ்ட் (நகரப் பேருந்து) பஸ், இல்லையென்றால் நடந்து கிராண்ட் ரோடு ஸ்டேஷன். காப்பிப்பொடிக்கும் வாழையிலைக்கும் தமிழர் கடைகள் உள்ள மாட்டுங்காவுக்கு ஞாயிறு காலையிலேயே கிளம்புங்கள், சாலை காலியாக இருக்கும்.